‘லோக்கல்’ என்ற சொல்லில் நான் சறுக்கிய கதை

புதிதாக இந்த மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகச் சீனம் தெரியும். முறையாகப் படித்து, தேர்வு எழுதி வந்திருக்கிறீர்கள். நான் அப்படி வந்தவள் இல்லை. என் கணவருக்குத் தைவானில் ஆராய்ச்சி வேலை கிடைத்து ஆறு வருடம் அங்கே குடும்பம் நடத்தினோம். காய்கறிக் கடையில் பேரம் பேசுவதற்காக மாண்டரின் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். ராஜகீழ்ப்பாக்கத்துக்குத் திரும்பி வந்த பிறகு அதுவே எனக்குத் தொழில் ஆகிவிட்டது. தாம்பரத்தைச் சுற்றி எந்தப் பட்டறையில் தைவான் இயந்திரம் வந்து இறங்கினாலும், அதோடு வரும் ஆட்களுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவில் போய் நிற்பேன். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன்.

எந்தச் சொல் உங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தீர்கள். ஏதாவது இயந்திர பாகத்தின் பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் கையேட்டில் இருக்கும், படம் கூடப் போட்டிருக்கும். என்னை வசமாக மாட்டிவிட்டது இந்தச் சென்னையில் தினமும் நூறு பேர் வாயில் வரும் ஒரு சொல். அந்தக் காலையைப் பற்றிச் சொல்கிறேன்.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை. இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, பெட்டிகள் செய்யும் இடம். தகடு வளைக்கும் பெரிய மெஷின் ஒன்று தைவானிலிருந்து வந்திருந்தது. அதை நிறுவி, ஓட்டக் கற்றுக்கொடுக்க வந்தவர் ஆ-லியோங். ஐம்பது வயது இருக்கும். தென் தைவான்காரர். ஒல்லியான ஆள், காதில் எப்போதும் இயர்போன். என்னை ‘லாவ்ஷி’, அதாவது டீச்சர் என்று கூப்பிடுவார்.

அவரிடம் வேலை கற்றுக்கொண்டவள் ஸ்டெல்லா. இருபத்தெட்டு வயது. பெரும்பாக்கம் குடியிருப்பில் ஏழாவது மாடியில் வீடு. கம்பெனி வேன் அங்கிருந்து கிளம்பி மேடவாக்கம் வழியாக வரும். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நான் ஏறிக்கொள்வேன். ஸ்டெல்லா ஜன்னலோரம் உட்கார்ந்து, முன் சீட்டுக் கம்பியில் விரலால் தட்டியபடி எதையோ முணுமுணுத்துக்கொண்டே வருவாள். ஜபம் செய்கிறாள் என்றுதான் முதல் வாரம் முழுக்க நினைத்திருந்தேன்.

இரண்டாவது வாரம் சாப்பாட்டு இடைவேளையில் அவள் ஆ-லியோங்கின் இயர்போனைக் காட்டிக் கேட்டாள். “இன்னா பாட்டுண்ணா கேக்குறீங்கோ டெய்லி?”

நான் மாற்றிச் சொல்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு பக்க இயர்போனை அவளிடம் கொடுத்தார். அவள் காதில் வைத்தாள். கண் பெரிதானது.

“அக்கா, இது ராப்பு. இவுரு கேக்குறது ராப்புக்கா.”

‘ராப்’ என்ற சொல்லுக்கு நான் தேவைப்படவில்லை. அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பாடியதே அவர்தான். இளவயதில் மூன்று நண்பர்களோடு சேர்ந்து போட்ட பாட்டு. அன்று அவர் சொன்னதையெல்லாம் நான் வரிக்கு வரி சொல்ல, ஸ்டெல்லா சாப்பாட்டு டப்பாவை மூடாமலே கேட்டாள்.

அவர்கள் ஆரம்பித்தபோது அமெரிக்கக் கேசட்டுகளைத் தேய்ந்துபோகும்வரை கேட்டு, அதே தொளதொள சட்டை, அதே கைவீச்சோடு பாடினார்களாம். பள்ளிக்கூடத்து மாண்டரினில் எழுதி, அதை அமெரிக்கன் மாதிரி நாக்கை மடித்துப் பாடுவார்களாம். “கண்ணாடியில் பார்த்தால் எங்களுக்கே சிரிப்பாக இருக்கும்” என்றார். பிறகு ஒருநாள், குழுவில் ஒருவன் ஒரு வரியை வீட்டில் பேசும் பாஷையில் பாடிவிட்டான். தாய்-கி என்பார்கள், தைவானிய மொழி. சந்தையிலும் கோயிலிலும் அம்மாவிடமும் பேசுவது. ஆ-லியோங் சிறுவனாக இருந்தபோது அதைப் பள்ளிக்கூடத்தில் பேசினால் அபராதம். ‘இனி பேச மாட்டேன்’ என்று எழுதிய பலகையைக் கழுத்தில் மாட்டி நிற்கவைப்பார்கள். அந்தப் பாஷையில் ஒரு வரி வந்ததும் மற்ற மூவரும் பாட்டை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்களாம்.

“மாண்டரினைவிட அதில் ஏற்ற இறக்கம் அதிகம். பந்து மாதிரி துள்ளும்” என்றார். அப்புறம் கோயில் மேளத்தைச் சேர்த்தார்கள், தெருவில் நடக்கும் பொம்மலாட்டக் குரலைச் சேர்த்தார்கள். அவர்களைப் போலவே ஊர் ஊராக ஆட்கள் கிளம்பினார்கள். ஹக்கா மொழி பேசுபவர்கள் ஹக்காவில் பாடினார்கள். மலையிலிருக்கும் பழங்குடிப் பிள்ளைகள் தங்கள் மொழியில் பாடினார்கள். “இப்போதுள்ள பசங்கள் ஒரே வரியில் மூன்று பாஷையைக் கலக்குகிறார்கள். அது சரியா என்று யாரிடமும் கேட்பதில்லை. பொறாமையாக இருக்கிறது லாவ்ஷி.”

ஸ்டெல்லா டப்பாவை மூடிவிட்டு, “நானும் எழுதுறேன்னு சொல்லுங்கக்கா” என்றாள். வேனில் முணுமுணுத்தது அதுதான்.

அதிலிருந்து அந்த மெஷின் பக்கம் போனாலே இரண்டு பேரும் ஏதாவது தட்டிக்கொண்டிருப்பார்கள். வேலையும் நன்றாக நடந்தது. மூன்றாவது வாரம் ஆயுதபூஜை வந்தது. முதலாளி ஏகாம்பரம், பூஜை முடிந்ததும் ஷெட்டுக்குள்ளேயே சின்ன மேடை போட்டு ஆளுக்கொரு பாட்டு பாடலாம் என்றார். அவர் அந்த ஊர்க்காரர். ஷெட் நிற்கும் இடத்தில் அவர் அப்பா நெல் போட்டவர். புது மெஷினைப் பார்க்க ஒரு பெரிய கம்பெனியின் கொள்முதல் அதிகாரி பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. அந்த அம்மாளின் கம்பெனி ஆர்டர் கிடைத்தால் பட்டறைக்கு இரண்டு வருடம் கவலை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆ-லியோங் ஒரு பாட்டு, ஸ்டெல்லா ஒரு பாட்டு என்று முடிவானது.

பூஜை அன்று காலை ஷெட்டே கல்யாண வீடு மாதிரி இருந்தது. தூணுக்குத் தூண் வாழைக்கன்று. எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். ஸ்டெல்லா கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு அவள் மெஷினுக்குப் பொட்டு வைத்தாள். ஆ-லியோங் பையிலிருந்து பச்சை நிறப் பொட்டலம் ஒன்றை எடுத்து அதே மெஷின் தலையில் வைத்தார். உள்ளே சோளத்தில் செய்த பொரி. தைவானில் பச்சைப் பொட்டலம் வைத்தால் மெஷின் அடம்பிடிக்காமல் ஓடும் என்று நம்பிக்கையாம். பூசாரி அதையும் தட்டில் எடுத்து நம் பொரியோடு சேர்த்து தீபம் காட்டிவிட்டார்.

பத்து மணிக்கு மேல், கம்ப்ரஸர் அறைக்குப் பின்னால் ஸ்டெல்லா தன் பாட்டை ஆ-லியோங்குக்கு ஒருமுறை பாடிக் காட்டினாள். ஆற்றங்கரையிலிருந்து அரசாங்கம் அவள் குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றிய நாளைப் பற்றியது.

ஆத்தங்கர வூட்டயெல்லாம் லாரில ஏத்துனாங்கோ
ஏழு மாடி ஏத்தி வுட்டு சாவிய நீட்டுனாங்கோ
லிப்ட்டு நின்னா இன்னா நைனா, காலு ரெண்டு கீது
மேல நின்னு பேசுனாலும் கீழ வரைக்கும் கேக்குது

அவள் முடித்தபோது ஆ-லியோங் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சொல் எதுவும் புரியாமலே அவருக்கு அது பிடித்துவிட்டது. கண்ணைத் திறந்து மூன்றே அசைகளில் ஒன்று சொன்னார். ‘ஹென் ட்ஸாய்-தி.’ இந்த மண்ணைச் சேர்ந்தது, இங்கேயே முளைத்தது என்று அர்த்தம். இன்றைய தைவானில் ஒரு பாடகனுக்குக் கொடுக்கும் பெரிய மரியாதை அது. அவர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் வாயில் வந்த சுலபமான சொல்லைப் போட்டேன்.

“ரொம்ப லோக்கலா இருக்குன்னு சொல்றார் ஸ்டெல்லா.”

தைவானில் இருந்தபோது, கோர்ட்டில் மொழிபெயர்க்கும் ஓர் அம்மாளுக்குப் பக்கத்தில் சில மாதம் உட்கார்ந்திருக்கிறேன். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது: பேசுகிறவரைக் காதால் கவனி, கேட்கிறவரைக் கண்ணால் கவனி. அன்று நான் மாற்றிச் செய்துவிட்டேன். ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் போயிருந்தது.

நம் ஊரில் ‘லோக்கல்’ என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லோக்கல் பையன், லோக்கல் பேச்சு, லோக்கல் பார்ட்டி. துணிக்கடை ஒன்றில் வேலைக்குப் போனபோது, பேச்சு லோக்கலாக இருக்கிறது என்று சொல்லித்தான் அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வேனில் அவளே என்னிடம் சொன்னது. அது தெரிந்திருந்தும் அந்தச் சொல்லைத்தான் எடுத்து வீசியிருக்கிறேன்.

“சரிக்கா. நா பாடல. அண்ணனே பாடட்டும்” என்று சொல்லிவிட்டு அவள் தன் மெஷின் பக்கம் போய்விட்டாள்.

பின்னாலேயே ஓடினேன். “ஸ்டெல்லா, அவர் பாராட்டித்தான் சொன்னார். நான்தான் தப்பான வார்த்தையைப் போட்டுட்டேன்.”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “நீங்க நல்லவங்கக்கா. என் மூஞ்சியப் பாத்துட்டு மாத்தி சொல்றீங்கோ. வுடுங்க.”

நம் தொழிலில் இதைவிட மோசமான இடம் கிடையாது. நாம் முதலில் சொன்னதை நம்பிவிட்டவர், திருத்திச் சொல்வதை நம்ப மாட்டார். நம் வாயைத் தவிர அவருக்கு வேறு வழியும் இல்லை. அந்த வாய்தான் இப்போது கெட்டுப்போயிருக்கிறது.

ஏகாம்பரம் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வேகமாக வந்தார். விஷயத்தைச் சொன்னேன். “போவட்டும் மேடம், விட்டுடுங்க. அவங்க வர்ற நேரம். அந்தப் பொண்ணு பாட்டுல கொஞ்சம் பேட்டை பாஷை ஜாஸ்திதான். தைவான் சார் ஒரு பாட்டுப் பாடினா போதும்.” அவருக்கு உள்ளுக்குள் நிம்மதி என்பது தெரிந்தது.

மணி பத்தரை. விட்டுவிடலாம் என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியதை மறைக்க விரும்பவில்லை. பட்டறைக்கு நல்லது, எனக்கும் நல்லது, ஆ-லியோங்குக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. ஸ்டெல்லா மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையிலேயே துடைத்துப் பொட்டு வைத்த மெஷின் அது.

நேராக ஆ-லியோங்கிடம் போனேன். “நீங்கள் சொன்னதை நான் தவறாகச் சொல்லிவிட்டேன். அவள் இனி பாட மாட்டேன் என்கிறாள்” என்றேன். வாடிக்கையாளரிடம் இப்படி ஒப்புக்கொள்ள நாக்கு எழாது. ஒருமுறை செய்து பாருங்கள், அடுத்த முறை கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

அவர் திகைத்துப்போய், “என்ன சொல்லைப் போட்டீர்கள்?” என்று கேட்டார்.

“லோக்கல்.”

“அது சரிதானே?”

“அகராதியில் சரி. இங்கே அது மட்டமான ஆள், நாகரிகம் தெரியாத ஆள் என்று அர்த்தம்.”

அவர் தொடையில் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. “வாருங்கள், நானே சொல்கிறேன். நீங்கள் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது” என்று முன்னால் நடந்தார்.

ஸ்டெல்லாவுக்கு எதிரே ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். நான் இருவருக்கும் பக்கவாட்டில் நின்றேன். இந்த முறை கண்ணை ஸ்டெல்லாவின் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

“நான் தலைநகரத்துக்கு முதன்முதலில் வேலைக்குப் போனேன். அங்கே என் செருப்பைப் பார்த்து, நான் வெற்றிலைப் பாக்கு மெல்வதைப் பார்த்து, நான் பேசுவதைக் கேட்டு ஒரு வார்த்தை சொல்வார்கள். நீ ரொம்பத் ‘தாய்’ என்பார்கள்.”

அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட்டேன். ஸ்டெல்லா நிமிர்ந்தாள். “இன்னாது? தாயா?”

“தைவான் என்பதில் முதல் எழுத்து. எங்கள் ஊரின் பெயர். அதையே திட்டாக வைத்திருந்தார்கள். மட்டமானவன் என்று அர்த்தம்.”

“ஊர் பேரையே திட்டா வெச்சிகினாங்களா?”

“ஆமாம். பிறகு எங்களை மாதிரி பாடுகிறவர்கள் அந்தச் சொல்லை எடுத்துப் பாட்டில் போட்டோம். ஆமாம், நான் ‘தாய்’தான், அதற்கென்ன என்று. இப்போது எங்கள் ஊரில் பிள்ளைகள் அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். கொஞ்சம் முன்னால் நான் உங்களுக்குச் சொன்னதும் அந்த மாதிரி ஒரு சொல்தான். லாவ்ஷி அதற்கு உங்கள் ஊர்த் திட்டைப் போட்டுவிட்டார்.”

நான் இதையும் சொன்னேன், என்னைப் பற்றிய கடைசி வாக்கியம் உட்பட. ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். திட்டு வாங்கியவர் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

“எங்களுக்குத் தாய்னா அம்மாண்ணா” என்றாள். “அத்த வெச்சி திட்டுனா நாங்க காலுலதான் வுழணும்.”

இதை நான் மாண்டரினில் சொன்னதும் ஆ-லியோங் டப்பாவிலிருந்து விழப்பார்த்தார். அவள் துடைக்கும் துணியைக் கீழே போட்டாள். பேனா கேட்டாள். சாம்பிராணிப் பொட்டலத்தின் அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம் எதையோ எழுத ஆரம்பித்தாள்.

பதினோரு மணிக்குக் கொள்முதல் அதிகாரி வந்தார். பட்டுப் புடவை, நிதானமான பேச்சு. முதல் வரிசையில் ஏகாம்பரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டார். ஆ-லியோங் முதலில் பாடினார். தகர டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு வெல்டர்கள் இரண்டு பேர் தாளம் பிடித்தார்கள். ‘குவான் ஏ ஊவே’ என்று திரும்பத் திரும்ப வந்தது. எங்கள் பேச்சு என்று அர்த்தம். மூன்றாவது முறை ஷெட் முழுக்க அதைத் திருப்பிச் சொன்னது.

அடுத்தது ஸ்டெல்லா. ஏகாம்பரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவள் பாடுவாள் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. அதற்கான திட்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். அவள் ஆற்றங்கரை வரிகளைப் பாடி முடித்து, கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள்.

லோக்கலுன்னு சொன்னியே நீ? ஆமா நைனா லோக்கலு
ஏரியா என்து, பேச்சு என்து, இன்னா இப்போ? லோக்கலு

தாளம் போட்ட வெல்டர்கள் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது முறை வந்தபோது அவர்களும் சேர்ந்து சொன்னார்கள். பேக்கிங் பெண்கள் எழுந்து நின்றார்கள். ஆ-லியோங் மேடையில் ஏறி, அவள் ‘லோக்கலு’ என்று நிறுத்தும் இடத்திலெல்லாம் தன் பாஷையில் ஒரு வரி போட்டார். எத்தனை நிமிடம் போயிற்று என்று தெரியாது.

முடிந்ததும் கொள்முதல் அம்மாள் என்னிடம் குனிந்து, “தைவான் சாருக்கு இந்தப் பாட்டு எப்படி இருந்ததுன்னு கேளுங்களேன். எல்லாருக்கும் கேட்கற மாதிரி சொல்லட்டும்” என்றார்.

கேட்டேன். ஆ-லியோங் மைக்கை வாங்கினார். யோசிக்கவே இல்லை. காலையில் சொன்ன அதே சொல்லைச் சொல்லிவிட்டு மைக்கை என்னிடம் நீட்டினார்.

என்னிடம் வேறு சொற்கள் இருந்தன. மண்வாசனை என்று சொல்லியிருக்கலாம், பட்டுப் புடவைக்கு அது பொருந்தியிருக்கும். நான் முகங்களைப் பார்த்தேன். வெல்டர்கள், பேக்கிங் பெண்கள், கையில் அட்டையோடு ஸ்டெல்லா.

“ரொம்ப லோக்கலா இருக்குன்னு சொல்றார்” என்றேன்.

உடனே எழுந்த விசிலில் என் காது அடைத்துவிட்டது. ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொள்முதல் அம்மாளும் சிரித்தார், ஆனால் அவருக்கு ஏன் என்று முழுதாகப் புரிந்திருக்காது. ஏகாம்பரம் என் பக்கம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “எங்கப்பா இதே இடத்துல ஏர் ஓட்டும்போது மாட்டைத் திட்டுவாரு மேடம். அதுக்கு இது எவ்ளோ டீசன்ட்டு” என்றார். ஆர்டரும் வந்தது. பாட்டினாலா மெஷினாலா என்று நான் கேட்கவில்லை.

ஆ-லியோங் ஊருக்குத் திரும்புமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் பாட்டைப் பதிவு செய்தார்கள். ஸ்டெல்லாவின் வீட்டில், ஜன்னலுக்குப் போர்வை தொங்கவிட்டு, செல்போனை வைத்து. அவள் அம்மா எல்லோருக்கும் மீன் குழம்பு வைத்திருந்தார். பாட்டின் நடுவில் ஆ-லியோங்கின் ஒரு வரிக்கு அர்த்தத்தைத் தமிழில் பேசிப் போட வேண்டும் என்று ஸ்டெல்லா என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். ‘எங்க பேச்சு இங்கதான் கீது.’ நான்கே சொல். இருபது வருடத்துக்கு மேல் மைக் பிடித்தவள், சொன்னேன்.

“நியூஸ் வாசிக்கிற மாறி கீதுக்கா. இன்னொருவாட்டி.”

சொன்னேன். ‘கீது’ என்பதை நான் ‘கீறது’ என்கிறேனாம். இன்னொரு முறை. இப்போது ‘இங்கேதான்’ என்று இழுக்கிறேனாம். ஆ-லியோங் சுவரில் சாய்ந்து தலையாட்டினார், அவருக்கே என் உச்சரிப்பு தப்பு என்று தெரிந்துவிட்டது. ஸ்டெல்லாவின் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, “டீச்சரம்மா, ரொம்ப யோசிக்காதீங்கோ. பசியா கீதுன்னு நெனச்சிகினு சொல்லுங்க” என்றார்.

அவர் சொன்னபடியே சொன்னேன். உண்மையிலேயே பசிதான். ஸ்டெல்லா கட்டைவிரலைக் காட்டினாள். அது பதினோராவது முறை.